யூரியா போட்டாயா, இல்லையா?

கோவை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோசம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவும் முடித்துவிட்டாய், நல்லது.

உரமாக நீலப்பச்சைப்பாசி பாக்கெட் போட்டும் பயிர் வெளிறியே கிடக்கிறது, "இதைத்தான் வருசக்கணக்காப் படிக்கறயா?" என்று கேட்டிருக்கிறாய். கேட்பாய் என்று தெரியும். ஆனால் யூரியா எப்போது போட்டாய் என்று மட்டும் எழுதவில்லையே!

நான் வளர்க்கும் பாசி அனபீனா. அதன் செல்கள் பாசிமணி போலக் கோத்துக் கிடக்கும். வெயிலில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியே விடும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கோ ஆக்சிஜன் ஆகவே ஆகாது. அதனால் தண்ணீரில் நைட்ரஜன் சத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், ஏறக்குறைய பத்து செல்லுக்கு ஒன்று சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு, ஆக்சிஜன் விடுவதை நிறுத்தி, நைட்ரஜன் வேலைக்கு மாறிவிடும். மாறிய செல் அப்புறம் இரண்டாகப் பிரிந்து பெருகாது, பழையபடி திரும்பவும் முடியாது. அதற்குச் சோறு போடுவது அக்கம்பக்கத்துச் செல்கள்தான்.

எந்த செல் மாறுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? என் ஆராய்ச்சியே அதுதான். மாறத் தொடங்கும் செல் 'பாட்எஸ்' என்ற சின்னப் புரதத் துண்டை அனுப்பிப் பக்கத்துச் செல்களைத் தடுக்கிறது என்று 1998-இல் கண்டுபிடித்தார்கள். மிச்சக் கதை இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. பாசியை நைட்ரேட் என்ற நைட்ரஜன் உப்பு இல்லாத வளர்ப்புக் கரைசலுக்கு மாற்றினால், ஒரு நாளில் அந்தத் தடித்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. உதவித்தொகை நோம்பிக்கும் வரவில்லை என்பது வேறு விசயம், அப்பாவிடம் சொல்லிவிடாதே.

நைட்ரேட்டைக் கலந்துவிட்டால் அந்த மாற்றமே நடக்காது. உன் வயலிலும் அதே கதைதான். நெல் வயலுக்கு நைட்ரஜன் தருவதில் இந்தப் பாசிக்குப் பங்குண்டு என்று பி.கே. டே என்ற விஞ்ஞானி 1939-லேயே எழுதிவிட்டார். ஆனால் யூரியாவும் நைட்ரஜன் உரம்தானே, அதை அள்ளி இறைத்தால் பாசி ஏன் மெனக்கெடப் போகிறது?

முழுசாக யூரியாவை நிறுத்தச் சொல்லவில்லை, பயிர் உன் பிழைப்பு. ஒரே ஒரு வயலில் மட்டும் குறைத்துப் பார். நட்டுப் பத்து நாள் கழித்து ஏக்கருக்கு 4 கிலோ பாசி, தண்ணீர் வற்றாமல் நிற்கட்டும். வரும்போது அந்த வயல் தண்ணீரில் மிதக்கும் பாசியைப் பாட்டிலில் அரைவாசி கொண்டு வா. மூடியை இறுக்காதே, வெயிலில் வைக்காதே.

அன்புடன்,
உன் மாப்ளே