கையில் விட்டுப் பழக்கச் சொன்ன சிலந்தி கடித்தது பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டாரன்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்தியோடு அனுப்பிய வளர்ப்புக் குறிப்பைத் திரும்பப் பெறக் கோருதல்

ஐயா,

என் மகன் உங்களிடம் வாங்கிய ஆரஞ்சு நிற டாரன்டுலா போன வாரம் அவன் ஆள்காட்டி விரலில் கடித்துவிட்டது. 'தினமும் கையில் விட்டுப் பழக்குங்கள், சாதுவாகிவிடும்' என்று உங்கள் குறிப்பில் அச்சிட்டிருக்கிறது. அதை நம்பித்தான் கையை நீட்டினான். முன்னங்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டி நின்றது. அது எச்சரிக்கை என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

பெட்டி மேல் 'டாரன்டுலா, பெரியது' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. அது பபூன் சிலந்தி என்ற ஆப்பிரிக்க டாரன்டுலா வகை என்பது கடிபட்ட பிறகுதான் தெரிந்தது. அமெரிக்கக் கண்ட வகைகள் பெரும்பாலும் பின்னங்கால்களால் வயிற்று ரோமத்தை உதறிவிடும். தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் பெரிய வேதனை. ஆப்பிரிக்க வகைகளுக்கு அந்த ரோமம் கிடையாது, கடிதான் ஆயுதம். விஷமும் வீரியமானது. இரண்டுக்கும் ஒரே தாளை அனுப்பலாமா?

எங்கள் மாந்தோப்புப் பக்கம் தேளும் பூரானும் கடிப்பது புதிதல்ல. இது வேறு மாதிரி. விரல் வீங்கி, ராத்திரி முழுக்க பிள்ளை தூங்கவில்லை. அப்புறம் கை தோள்வரை விட்டுவிட்டு இழுத்துப் பிடித்தது. உங்கள் சேவை எண்ணில் பேசியவரோ, "தேனீ கொட்டின மாதிரிதான் சார், சரியாகிடும்" என்று வைத்துவிட்டார். மருத்துவமனையில் முதல் கேள்வியே "என்ன வகை?" என்பதுதான். எங்களிடம் பதில் இல்லை. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து இதற்கு உதவாது, வலியைக் குறைத்துக் கவனித்துக்கொள்ளத்தான் முடியும் என்றார் டாக்டர். டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் என் மனைவியின் அழுகை நின்றது.

அந்தச் சிலந்தியும் பாவம்தான். அது ஆளைத் தெரிந்து பழகும் பிராணி இல்லை. கையிலிருந்து தவறி விழுந்தால் வயிறு வெடித்துச் செத்துப்போகவும் கூடும்.

இந்தக் குறிப்பை உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லோருக்கும், கையில் எடுக்க வேண்டாம் என்று தகவல் அனுப்புங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் வகையின் அறிவியல் பெயரும், கடித்தால் செய்ய வேண்டியதும் இருக்கட்டும். மருத்துவச் செலவு ரசீதுகளை இணைத்திருக்கிறேன். அந்தத் தொகையையும் தர வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
கடிபட்டவனின் தந்தை