குடிநோயாளிகள் கூட்டங்களையும் நிகழ்ச்சிப் பட்டியலில் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் கோயில் உற்சவங்கள், பட்டிமன்றங்கள், நூல் வெளியீடுகள், இலவசக் கண் சிகிச்சை முகாம்கள் ஆகியவற்றின் இடமும் நேரமும் நாள்தோறும் வெளியாகின்றன. அப்பட்டியலில், குடியை நிறுத்த விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏஏ) அமைப்பின் கூட்டங்களுக்கும் ஒரு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குடியை விட்டுவிட வேண்டும் என்று என் தம்பி தானே வாய்விட்டுச் சொன்ன பிறகும், அவனை எங்கே அழைத்துச் செல்வது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மருத்துவமனையில் சேர்த்து உடலைத் தேற்றினோம். அது தவிர்க்க முடியாத முதல் வேலை. நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ஆனால் வீடு திரும்பும் நாளில் கொடுத்த சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் இருந்தனவே தவிர, பொழுது சாய்ந்ததும் கால்கள் தாமாகக் கடைப்பக்கம் திரும்பும்போது யாரிடம் போய் உட்காருவது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அதே நேரத்தில், 'அவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாம்' என்னும் விளம்பரம் பேருந்து நிலையச் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டிருந்தது. குடித்தால் உடலை வாட்டும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தை உட்கொண்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும் என்பதை அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை.

கடைசியில், தம்பியோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வழியாகத்தான் வாராந்தரக் கூட்டம் நம் ஊரிலேயே நடப்பதை அறிந்தோம். தேவாலய வளாகத்துப் பள்ளி அறை என்றதும், மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் தாயார் அஞ்சினார். இந்த அச்சம் பல வீடுகளில் இருக்கும் என்பதால் தெளிவாகச் சொல்கிறேன்: ஏஏ எந்த மதத்தையும் கட்சியையும் சார்ந்ததன்று, வாடகை குறைவு என்பதால் அந்த அறை கிடைத்தது, அவ்வளவே. குடிப்பதை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. கட்டணம் கிடையாது; உறுப்பினர்கள் தாமாகப் போடும் காசில்தான் வாடகையும் தேநீரும் நடக்கின்றன, வெளியாரின் நன்கொடையை அவர்கள் வாங்குவதில்லை.

அது எல்லோருக்கும் உரிய திறந்த கூட்டம் என்பதால் நானும் உள்ளே அமர முடிந்தது. ஒரு லாரி ஓட்டுநரும் ஒரு வங்கி அதிகாரியும் தத்தம் பெயரையும் 'நான் ஒரு குடிநோயாளி' என்பதையும் சொல்லித் தொடங்கி, தங்கள் வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்டனர். இடையில் ஒருவரும் குறுக்கிடவில்லை, அறிவுரை கூறவில்லை. முடிந்ததும் பலர் தம்பியின் கையில் தங்கள் தொலைபேசி எண்களை எழுதிக் கொடுத்து, முதல் குவளையைத் தொடுவதற்கு முன்பு எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்றனர். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவரிடம் ஒருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த முறை இது.

ஐயப்பனுக்கு மாலை அணிந்து ஒரு மண்டலம் குடியைத் தொடாத ஆண்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களால் நிறுத்த முடிகிறது. மாலையைக் கழற்றிய மறுநாள்தான் துணைக்கு ஆளில்லாமல் போகிறது. அந்த மறுநாளுக்காகவே இக்கூட்டங்கள் இருக்கின்றன. சிகிச்சையோடு இக்கூட்டங்களிலும் முறையாகச் சேர்த்துவிடுவது, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்குப் பிற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆனால் மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார்.

அநாமதேயம் என்பதே அமைப்பின் விதியாயிற்றே, நாளிதழில் போடலாமா என்று தாங்கள் கேட்கலாம். அவ்விதி காப்பது உறுப்பினர்களின் பெயரையும் முகத்தையும்தான். இடமும் நேரமும் மறைக்கப்பட வேண்டியவை அல்ல. தம்பியின் அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதால் என் பெயரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

அரசு மருத்துவமனைகள் வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலும், டாஸ்மாக் கடை வாசல்களிலும் அருகிலுள்ள கூட்டத்தின் விவரத்தையும், 14446 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் குறிப்பிட அரசு ஆணையிட வேண்டும். தங்கள் பட்டியலில் வெளியிடும்போது, திறந்த கூட்டமா, உறுப்பினர்களுக்கு மட்டுமானதா என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ தாயோ அங்கே தனியாகச் செல்லலாம். அறைகள் அவ்வப்போது மாறுவதால், மாதந்தோறும் குழுவினரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வெளியிடுவது நல்லது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருச்சிராப்பள்ளி.