ராஜு, அந்த ரெஸ்யூமேவை இன்னும் யாருக்கும் அனுப்பாதே

அன்புள்ள ராஜு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரெஸ்யூமேவை ஈசூனில் ரயில் ஏறியதும் திறந்தேன், மரினா பே வந்தும் முடியவில்லை. நான்கு பக்கமடா! மெசேஜில் பதில் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறந்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மா முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் இப்போது லிஃப்ட் வரை தனியாக நடக்கிறார், "ராஜு ஏன் எட்டிப் பார்ப்பதே இல்லை" என்று நேற்றுகூடக் கேட்டார். எனக்குப் புது வேலையில் ப்ரொபேஷன் போன வாரம் முடிந்தது. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் நைட் ஷிஃப்ட் இல்லை.

சரி, உன் விஷயம். முதல் பக்கம் முழுக்கப் படம், அடையாள அட்டை (ஐசி) நம்பர், இனம், மதம், பிறந்த தேதி, மனைவி பெயர், பிள்ளைகள் வயது. கல்யாணத்துக்கா ஜாதகம் அனுப்புகிறாய்? ஐசி நம்பரை முதலில் எடு. 2019 செப்டம்பரிலிருந்தே, சட்டப்படி தேவைப்படாத இடங்களில் நிறுவனங்கள் அதை வாங்கக்கூடாது, வேலையில் சேரும்போது கொடுத்தால் போதும். மற்றதெல்லாம் வேலைக்குச் சம்பந்தமில்லாதபோது முதலாளிகள் கேட்கவே கூடாத விஷயங்கள், நீயாக எதற்கு வலியப் போய்ச் சொல்கிறாய். நேஷனல் சர்வீஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, ஒரு வரி இருக்கட்டும், தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் நாம் பட்ட பாட்டுக்கு அரைப் பக்கம் வேண்டாம்.

அடுத்தது, "பொறுப்பு வகித்தேன்" என்று பதினொரு இடத்தில் எழுதியிருக்கிறாய், எண்ணினேன். சிரிக்கிற தகுதி எனக்கு இல்லை, ஆட்குறைப்பில் போனபிறகு நானும் அப்படித்தான் எழுதி அறுபது இடத்துக்கு அனுப்பினேன், இரண்டு பேர்தான் கூப்பிட்டார்கள். அப்புறம்தான் வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர் என்கிற அரசாங்க வேலைவாய்ப்பு அமைப்பில் ஒரு கேரியர் கோச்சைப் போய்ப் பார்த்தேன், இலவசம்தான். அந்த அம்மா ஒரு நிமிடம் படித்துவிட்டு, "இது உங்கள் ரெஸ்யூமேவா, இல்லை உங்கள் பழைய வேலைக்கு வந்த விளம்பரமா?" என்று கேட்டார். அந்த வேலையில் யார் இருந்திருந்தாலும் அதே வரிகளைத்தான் எழுதியிருப்பார்கள்.

அவர் கேட்கக் கேட்க நான் "நாங்கள் செய்தோம், நாங்கள் மாற்றினோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மூன்று தடவை கேட்டபிறகுதான் அந்த லாரி விஷயம் வந்தது. கண்டெய்னர் லாரிகள் கிடங்கு கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்கும், பேப்பர் பார்க்கிற வேலையை நான்தான் கேட்டிலேயே வைத்து ஆளுக்கொரு நேரம் ஒதுக்கினேன், நாற்பது நிமிடத்துக்கு இறங்கியது. அதை ஒரே வரியாக எழுதினேன், எழுதும்போது கூச்சம் பிடுங்கித் தின்றது. தன்னைத் தானே புகழக்கூடாது என்று சொல்லியே வளர்த்துவிட்டார்கள் இல்லையா. ஆனால் இண்டர்வியூவில் அவர்கள் கேட்டது அந்த வரியைப் பற்றி மட்டும்தான்.

இப்போது உன் கதைக்கு வா. 2021இல் கப்பல் டாங்கில் இறங்கவிருந்த ஆட்களை நீ தடுத்தாயே, மீட்டரில் ஆக்சிஜன் பாதுகாப்பான அளவான 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டியது என்று, மேலதிகாரி கத்தியும் நீ வேலையைத் தொடங்க விடுகிற பெர்மிட்டில் கையெழுத்துப் போடவில்லை. கோப்பிக் கடையில் இதை அரை மணி நேரம் கைகால் ஆட்டிச் சொன்னாய். ரெஸ்யூமேவில் என்ன இருக்கிறது? "கன்ஃபைன்ட் ஸ்பேஸ் பணிகளுக்குப் பொறுப்பு வகித்தேன்." அடைபட்ட இடத்து வேலை என்று மொட்டையாக. பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் போகிறவனுக்கு இதைவிட என்னடா வேண்டும்? எத்தனை பேர் இறங்க இருந்தார்கள், நீ என்ன பார்த்தாய், என்ன செய்தாய், அதற்கப்புறம் அங்கே என்ன மாறியது, இரண்டு வரி போதும். கப்பல் பெயர் வேண்டாம், கத்தினவரும் வேண்டாம்.

அந்த நீலக் கலர், பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த டெம்ப்ளேட்டையும் தூக்கிப் போடு. நான் அப்படி ஒன்றை ஒரு வேலைவாய்ப்பு இணையதளத்தில் ஏற்றியபோது அது தானாகவே படிவத்தை நிரப்பியது, நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர். கவனிக்காமல் எட்டு இடத்துக்கு அனுப்பிவிட்டேன். சாதா வேர்ட் ஃபைல், மேலிருந்து கீழாக ஒரே வரிசை, கடைசியாகப் பார்த்த வேலை முதலில். விளம்பரத்தில் "பெர்மிட் டு வொர்க்" என்று இருந்தால் நீயும் அதை முழுசாக எழுது, கப்பல் யார்டில் நீங்கள் சொல்கிற மூன்றெழுத்தை மட்டும் போட்டால் அந்தச் சொல்லைத் தேடுகிறவர் கண்ணில் நீ படவே மாட்டாய். சான்றிதழ்களில் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை மட்டும் இருக்கட்டும். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்கிற அரசாங்கப் பயிற்சித் திட்டம் கொடுத்த 500 வெள்ளியில் படித்த போட்டோகிராஃபி கோர்ஸை நான்கூட ரொம்ப நாள் போட்டு வைத்திருந்தேன், கிடங்கு வேலைக்கு!

இரண்டு பக்கத்துக்குள் முடி. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் அந்த டாங்க் கதை எனக்கு முழுசாக வேண்டும். எழுத வரவில்லை என்றால் கோப்பிக் கடையில் சொன்ன மாதிரியே வாய்ஸ் மெசேஜில் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வா, அம்மா மீன் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டார்.

உன்,
குமார்