இந்த வருட விதை பற்றி, கென்யாவின் கிட்டாலே ஊர் விதைக்கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மார்ச்சில் எங்களிடம் 10 கிலோ மக்காச்சோள விதைப்பை வாங்கிய உங்களில் சிலருக்கு, வயலில் பாதிதான் முளைத்தது. முளைத்ததும் ஒன்று முழங்கால் உயரம், ஒன்று இடுப்பு உயரம். தப்பு எங்களுடையது. மழை பிடித்த வாரம் அது. நீங்கள் கேட்ட ரகம் தீர்ந்துபோய், வாசலில் கூட்டம் நின்றது. அப்போது ஒரு வேன்காரர் அதே பெயர் அச்சிட்ட பைகளோடு வந்தார். விலையும் கொஞ்சம் குறைவு. யோசிக்காமல் வாங்கி விற்றுவிட்டோம். புகார் வந்த பிறகு ஒரு கைப்பிடி மணியைத் தண்ணீரில் அலசிப் பார்த்தால், மருந்து பூசிய விதைபோலக் காட்டப் பூசிய சாயம் கரைந்து போகிறது. உள்ளே இருந்தது உகாலிக் களி மாவுக்குப் போக வேண்டிய சாதாரண மக்காச்சோளம்.

ரசீதோடு வந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ரசீதைத் தொலைத்தவர்களும் தயங்காமல் வாருங்கள், முகம் தெரியும். போன ஒரு போகத்தை எங்களால் திருப்பித் தர முடியாது, அது எங்களுக்கும் உறுத்தல்தான்.

அதனால் இந்த முறை சில விஷயங்களை மாற்றுகிறோம். அதற்கு முன், கல்லாவுக்கு எதிரே நின்று நீங்கள் எப்போதும் கேட்கிற கேள்விகளுக்குக் கூட்டமில்லாத இந்த நேரத்தில் பதில் சொல்லிவிடுகிறோம். விதை ஏன் இந்த விலை? ஏன் மார்ச்சில் தீர்ந்துபோகிறது? வீட்டில் காய்கிற கதிரிலிருந்தே எடுத்து விதைத்தால் என்ன?

கென்யாவின் ஒட்டு மக்காச்சோளம், அதாவது வெவ்வேறு பெற்றோர் ரகங்களைச் சேர்த்து எடுக்கிற மக்காச்சோளம், பிறந்தது நம் ஊரில்தான். 1955இல் இங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் ஹாரிசன் என்பவர் ரக ஆராய்ச்சியைத் தொடங்கினார். அடுத்த வருடம் இதே ஊரில் கென்யா சீட் கம்பெனி தொடங்கியது. அப்போது அவர்கள் விற்றது மக்காச்சோளம் இல்லை, மேய்ச்சல் புல் விதை! ஹாரிசன் 1959இல் லத்தீன் அமெரிக்கா போய் ரகங்களைச் சேகரித்து வந்தார். அதில் ஒன்று எக்வடோர் 573. எக்வடோரும் நம்மைப் போலப் பூமத்திய ரேகைமேல் இருக்கிற நாடு, அங்கேயும் மேட்டு நிலங்கள் உண்டு, பகல் நீளம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். அங்கிருந்து வந்த ரகம் நம் 1,900 மீட்டர் உயரத்தில் சொந்த வீட்டில் இருப்பதுபோல வளர்ந்ததில் வியப்பில்லை. அதை இங்குள்ள கிட்டாலே சிந்தெடிக் 2 ரகத்தோடு சேர்த்தபோது விளைச்சல் 40 சதவீதம் அளவுக்குக் கூடியது. 1964இல் எச்611 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

பெரிய பண்ணைக்காரர்கள்தான் வாங்குவார்கள் என்று அப்போது நினைத்திருக்கிறார்கள். ஆனால் ஓரிரு ஏக்கர் ஷாம்பா நிலம் வைத்திருந்தவர்களும் வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். விதை அரசு அலுவலகத்தில் முடங்காமல், எங்களைப் போன்ற சின்னக் கடைகளின் அலமாரிக்குச் சிறு பைகளில் வந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கொஞ்சம் சுயபெருமை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். விதை வயலில் தாய் வரிசை சிலவற்றுக்கு ஒரு தந்தை வரிசை என்று நடுவார்கள். தாய்ச் செடியின் உச்சியில் ஆண் பூ தலைகாட்டியதும், மகரந்தம் உதிரும் முன் கையால் பிடுங்கிவிட வேண்டும். பூக்கும் நாட்களில் ஆட்கள் தினமும் காலையில் வரிசை வரிசையாக நடப்பார்கள், ஞாயிற்றுக்கிழமையும் விடுப்பு கிடையாது. ஒரு செடியை விட்டுவிட்டால் அதன் தூள் சுற்றிலும் உள்ள கதிர்களைக் கெடுத்துவிடும். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் தந்தை வரிசையையும் வெட்டி எடுத்துவிடுவார்கள், அறுவடையில் மணி கலந்துவிடக் கூடாதே. இதற்கு நடுவில், விதைத் தரத்தைச் சரிபார்க்கும் அரசு நிறுவனமான கெஃபிஸின் ஆய்வாளர் வந்து பார்ப்பார். பக்கத்தில் வேறு மக்காச்சோளம் இருந்தால், விதைக்கு ஆகாது என்று வயலையே தள்ளிவிடுவார். நம் டிரான்ஸ் ந்சோயா மாவட்டத்தில் பக்கத்தில் மக்காச்சோளம் இல்லாத நிலம் எங்கே கிடைக்கும்? விதை உற்பத்திக்கு ஏடிசி என்ற அரசு நிறுவனத்தினுடையவை போன்ற பெரிய பண்ணைகளையே கம்பெனிகள் நாடுவது இதனால்தான். அப்பன் சொத்தைப் பிள்ளைகள் பங்கு பிரிக்கப் பிரிக்க, தனித்த நிலம் இன்னும் குறைகிறது.

அப்புறம் காலக்கணக்கு. பல ஒட்டு ரகங்களுக்கு முதலில் பெற்றோர் ரகங்களைப் பெருக்க வேண்டும். அடுத்த போகத்தில் அவற்றில் இரண்டைச் சேர்க்க வேண்டும். அதற்கடுத்த போகத்தில்தான் மூன்றாவதோடு சேர்த்து உங்கள் பைக்குள் வருகிற விதை. மழையை நம்பிய இந்த மேட்டு நிலத்தில் வருடத்துக்கு ஒரு போகம். ஆக, வரும் மார்ச்சில் நீங்கள் எவ்வளவு கேட்பீர்கள் என்பதை மூன்று வருடம் முன்பே யாரோ ஊகித்திருக்க வேண்டும். ஊகம் தவறினால் அந்த வாரத்தில் நம் ஊருக்கு வேன்காரர்கள் வருகிறார்கள்.

வீட்டு மணியை விதைப்பது பற்றி ஒளிக்காமல் சொல்கிறோம். ஒட்டு ரகத்தின் மணியை மறுபடி விதைத்தால் செடிகள் ஒருபடித்தாக வராது, வீரியமும் விளைச்சலும் இறங்கும். பீன்ஸ் அப்படியில்லை. அது தன் பூவிலேயே சேர்க்கை முடித்துக்கொள்ளும் பயிர். நோயில்லாத செடியிலிருந்து நீங்களே எடுத்து வைத்த விதை சில போகங்களுக்குத் தாராளமாகப் போதும். வருடாவருடம் பீன்ஸ் விதைக்கு எங்களிடம் வர வேண்டாம். கிழக்கே வறண்ட பக்கம் உறவினர் இருந்தால், அவர்கள் விதைக்கும் கட்டுமானி கலப்பு மக்காச்சோளத்திலும் (அது ஒட்டு ரகம் இல்லை) நல்ல கதிராகப் பொறுக்கி விதைக்கு எடுத்து வைக்கலாம்.

ரகம் தேர்ந்தெடுக்கும்போது பையில் உள்ள எண்ணைப் பாருங்கள். கென்யா சீட் ரகங்களில் 6இல் தொடங்குபவை நம்மைப் போன்ற மேட்டு நிலத்துக்கு, 5இல் தொடங்குபவை நடுத்தர உயரத்துக்கு. டிஎச் என்றால் வறண்ட நிலத்துக்கு. 1986இல் வந்த எச்614டி ரகத்தையே அப்பா கேட்டார், இப்போது மகனும் கேட்கிறார். நல்ல ரகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1990களில் விதைச் சந்தை திறந்த பிறகு பல கம்பெனிகள் வந்துவிட்டன, புது ரகங்களும் நிறைய. கால் ஏக்கரிலாவது ஒன்றைப் போட்டுப் பாருங்களேன். 2011இல் பொமெட் பக்கம் எம்எல்என் என்ற மக்காச்சோள வைரஸ் நோய் வந்து, இலை ஓரத்திலிருந்து காய்ந்து கதிர் வெறுங்கூடாகப் போனது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நைவாஷாவில் கால்ரோ என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் சிம்மிட் என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையமும் ஒரு வயலில் வேண்டுமென்றே அந்த நோயை ஏற்றி, எந்த ரகம் தாங்குகிறது என்று சோதிக்கிறார்கள். பழைய ரகத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த வேலையின் பலன் வந்து சேராது.

இனி எங்கள் கடை விஷயம். ஜனவரியிலிருந்து முன்பதிவு எடுக்கிறோம். எந்த ரகம், எத்தனை பை என்று சொல்லிக் கால் பங்கு பணம் கட்டினால் போதும். கம்பெனியிடமிருந்தோ அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமிருந்தோ வருவதைத் தவிர வேறு விதை இனி கடைக்குள் நுழையாது. தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்லிவிடுவோம், கோபப்படாதீர்கள். பையைப் பிரித்து கோரோகோரோ டின் அளவில் சில்லறையாக விற்பதையும் நிறுத்துகிறோம். ஒரு பை வாங்க முடியாதவர்களுக்கு 2 கிலோ பாக்கெட் இருக்கிறது.

பையில் உள்ள கெஃபிஸ் ஸ்டிக்கரைக் கடையிலேயே சுரண்டி, வரும் எண்ணை 1393க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதில் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். போன் இல்லையென்றால் எங்கள் போனில் அனுப்பலாம். விதைத்த பின் காலிப் பையையும் ரசீதையும் ஒரு கைப்பிடி விதையையும் முளைக்கும் வரை பத்திரமாக வையுங்கள். அந்த விதையைக் குழந்தைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், அதில் மருந்து இருக்கிறது. மிஞ்சியதை அரைக்கக் கொண்டுபோக வேண்டாம்.

முன்பதிவுச் சீட்டு கல்லாவில் இருக்கிறது. சந்தை நாளில் வந்தால் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும், மற்ற நாட்களில் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உங்கள் விதைக்கடையார்,
கிட்டாலே