தோப்பைத் திறந்துவிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

ஃபுளோரிடாவில் முதன்முதலாகக் குடியேறிய பண்ணைக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்று எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டப் போனோமே, அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு அன்றைக்கே ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை. பிள்ளைகளை வண்டியில் ஏற்றித் தலை எண்ணுவதிலேயே பொழுது போய்விட்டது.

முதலில் டாம்பாவில் உள்ள கிராக்கர் கன்ட்ரி அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்களுக்கு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடுகளையும் கடைகளையும் பல ஊர்களிலிருந்து பெயர்த்து வந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். 1885இல் கட்டிய கார்ல்ட்டன் வீடும் அதில் ஒன்று. ஆல்பர்ட், மார்த்தா தம்பதி பத்துப் பிள்ளைகளை வளர்த்த குடும்பம் அது. அவர்களில் டாயில் என்ற மகன் 1929இல் மாநில ஆளுநரானார். "பத்துப் பேருக்கும் ஒரே பாத்ரூமா?" என்று எங்கள் பையன் கேட்டான். வீட்டுக்குள் பாத்ரூமே கிடையாது என்று சிரிக்காமல் பதில் சொன்ன அம்மாவுக்குத் தனி நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாக, ஹார்டி கவுண்டியில் (மாவட்டம்) ஆரஞ்சுத் தோப்பும் மாடும் வைத்திருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சரி. ஆரஞ்சும் மாடும் இரண்டையும் ஏன் விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு, தோப்பு முழுக்க நடத்திக் கூட்டிப்போய்ப் பதில் சொன்னார் தாத்தா.

1894 டிசம்பர் கடைசியில் உறைபனி விழுந்து காய் எல்லாம் போனது. மரம் பிழைத்தது. ஜனவரி கதகதப்பாக இருந்ததால் துளிர் விட்டது. அந்த நேரம் பார்த்து பிப்ரவரியில் இரண்டாவது பனி. உள்ளே ஏறியிருந்த சாறு உறைந்து பட்டை வெடித்தது. 50 லட்சம் பெட்டி அனுப்பிக்கொண்டிருந்த மாநிலம், அடுத்த பருவத்தில் சுமார் ஒன்றரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது. வடக்கே தோப்பு வைத்திருந்த அவருடைய பாட்டனாரின் அப்பா, சாமானை வண்டியில் போட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே இறங்கினாராம். மாடு இல்லாத பக்கத்து வீட்டார் ஊரை விட்டே போனார்கள். அப்போது வேலி என்ற பேச்சே இல்லை. மாடுகள் காட்டில் மேயும், காதில் வெட்டிய அடையாளத்தையும் சூட்டையும் பார்த்துத்தான் யாருடையது என்று சொல்வார்கள். மாட்டை வேலிக்குள் வைக்கச் சொல்லும் வேலிச் சட்டம் வந்தது 1949இல்தான்.

பிறகு மாட்டுக்கு வந்தது சோதனை. உண்ணிக் காய்ச்சலை ஒழிக்க 1923இல் சட்டம் போட்டு, பதினான்கு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மாட்டையும் ஆர்சனிக் என்ற விஷம் கலந்த தொட்டியில் நீந்தவிடச் சொன்னார்கள். அந்த வருடங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது ஆரஞ்சுப் பணத்தில். பழைய சிமென்ட் தொட்டி ஒன்று இன்னும் கிடக்கிறது. மண்ணில் விஷம் போகவில்லை என்று பிள்ளைகளை வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்துக் காட்டினார். அந்தக் கவனத்துக்குப் பெற்றோர்கள் சார்பில் நன்றி.

இந்த மணலில் எப்படிப் பயிர் விளைந்தது என்று கேட்டதற்கு, ராத்திரியில் மாடுகளை ஒரு துண்டு நிலத்தில் அடைத்துப் போட்டு, சாணமும் கோமியமும் சேர்ந்தபின் சர்க்கரைவள்ளி நடுவார்கள் என்றார். உடன் வந்திருந்த திருநெல்வேலி அத்தை உடனே, "நம்ம ஊர்ல ஆட்டுக்கிடை போடுறதுதானே!" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள். நடுவில் நின்று இருவர் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொன்ன கல்லூரித் தம்பிக்கு அன்று தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை.

பாட்டி சின்ன மரங்களுக்கு மண் அணைப்பதைச் செய்தே காட்டினார். குளிர் வருமுன் ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே வரை மண்ணைக் குவிக்க வேண்டும். மேலே கருகினாலும் ஒட்டு பிழைத்துத் துளிர்க்கும். ஒட்டும் செத்தால் கீழே இருக்கும் புளிப்பு ஆரஞ்சு வேர்தான் மரமாகும். வெயில் வந்ததும் மண்ணை விலக்காவிட்டால் அடித்தண்டு அழுகும். கை நிறைய மண்ணோடு நின்ற பிள்ளைகளைப் பாட்டியே குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டார்.

இப்போது எத்தனை மரம் என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆரஞ்சு மரங்களை நலியவைக்கும் கிரீனிங் நோய் 2005இல் வந்து, 2003-04இல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தை 2022-23இல் 1.6 கோடிக்குக் கொண்டுவந்துவிட்டது. அவர் தோப்பிலும் பாதியைப் பிடுங்கிப் புல் விட்டிருக்கிறார். "இது மாட்டின் முறை" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தார்.

அப்புறம், பஸ் தருவதாகச் சொன்னவர்கள் முந்தின இரவு கைவிரித்தபோது தங்கள் கார்களோடு வந்த பெற்றோர்களுக்கும், விடியற்காலையில் புளிசாதம் கிளறிக் கட்டிக்கொடுத்தவர்களுக்கும் நன்றி. அந்தச் சாதத்தில் தாத்தா இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார், கவனித்தீர்களா?

பிள்ளைகள் வரைந்த படங்களைத் தபாலில் அனுப்பிவிட்டோம். ஒரு சிவப்பு மூடி போட்ட டிபன் டப்பாவும் ஒரு இடது கால் செருப்பும் பாட்டி வீட்டுத் திண்ணையில் இருக்கின்றனவாம். யாருடையது என்று சொன்னால் போய் வாங்கி வருகிறேன்.