'எஸ்' போட்டா அடிச்சவரு, 'ஈடி' போட்டா அடி வாங்கினவரு

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் மாணவர் பக்கத்துல இங்கிலீஷ் பேப்பர் தலைப்பு பத்தி ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க, நடந்து முடிஞ்சத கூட பிரசன்ட் டென்ஸ்ல எழுதுவாங்கன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. அது சரிதான், ஆனா பசங்க தடுக்கி விழற படி அதுக்கு அடுத்தது சார்.

எங்க வீட்ல நடந்தத சொல்றேன். பத்தாவது படிக்கிற பொண்ணு, தினம் காலைல இங்கிலீஷ் பேப்பர் தலைப்ப சத்தமா படிச்சு அர்த்தம் சொல்லணும், நான் போட்ட ரூல் (காபி அதுக்கப்புறம்தான்). அன்னிக்கு வந்தது 'டாக்டர் அட்டாக்ட், த்ரீ ஹெல்ட்'. டாக்டர் யாரையோ அடிச்சாராம், மூணு பேர பிடிச்சு வெச்சுக்கிட்டாராம்! அடி வாங்கினதே அந்த மனுஷன்தான். அவள சொல்லி என்ன, 'ஈடி' வந்தா பாஸ்ட் டென்ஸ்னுதானே ஸ்கூல்ல மனப்பாடம்.

தலைப்புல இடம் பத்தாதுன்னு 'வாஸ்', 'வேர்' எல்லாத்தையும் தூக்கிடுவாங்க, மிச்சம் நிக்கிற 'அட்டாக்ட்' பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது தாக்கப்பட்டார். டாக்டரே அடிச்சிருந்தா 'டாக்டர் அட்டாக்ஸ்'னு வந்திருக்கும். 1974ல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பதவி விலகினப்ப 'நிக்சன் ரிசைன்ஸ்'னுதானே போட்டாங்க, நடந்தத சொல்ற வேலைய 'எஸ்' பாத்துக்கறதாலதான் 'ஈடி'ய செயப்பாட்டுவினைக்குன்னு ஒதுக்க முடியுது. நம்ம தமிழ் பேப்பர்ல இந்த தலைவலியே இல்ல, 'டாக்டர் மீது தாக்குதல், 3 பேர் கைது', வினைச்சொல்லே கெடையாது, அந்த 'மீது' எல்லாத்தையும் சொல்லிடுது.

'ஹிட்' மாதிரி சொல்லு வந்தா மட்டும் கொஞ்சம் உஷாரா இருக்கணும், அதுக்கு 'ஈடி'யே கெடையாது. 'ட்ரெயின்ஸ் ஹிட்'னு மட்டும் இருந்தா மோதுச்சா மோதப்பட்டுச்சான்னு தெரியாது, பின்னாடி 'பை ஃபாக்'னு வந்தாதான் சரி பனிமூட்டத்துல மாட்டிக்கிச்சுன்னு புரியும்.

பொண்ணுக்கு கடைசில மண்டைல ஏறினது ஒரு பழைய கூத்தாலதான். 1948 அமெரிக்க எலக்‌ஷன்ல ரிசல்ட் முழுசா வர்றதுக்குள்ள அவசரப்பட்டு சிகாகோ பேப்பர் ஒண்ணு 'டூயி டிஃபீட்ஸ் ட்ரூமன்'னு, அதாவது எதிர்த்து நின்ன டூயி ட்ரூமன தோக்கடிச்சிட்டாருன்னு, கொட்டை எழுத்துல அடிச்சிடுச்சு, ஜெயிச்சது ட்ரூமன், அந்த பேப்பரையே தூக்கி காட்டி சிரிச்சுக்கிட்டு போட்டோவும் எடுத்துக்கிட்டாரு. இத சொன்னதும் அவ கேட்டா, "அப்போ 'எஸ்'ஸ எடுத்துட்டு 'டூயி டிஃபீடட்'னு போட்டிருந்தா கரெக்டா இருந்திருக்கும்லப்பா?"

அன்னிக்கு காபி ஸ்ட்ராங்கா போட்டு குடுத்தேன். அடுத்த வாரம் துணுக்குல இந்த 'ஈடி' சமாச்சாரத்தையும் சேத்துடுங்க சார்.

இப்படிக்கு,
திருச்சி வாசகர் ஒருத்தர்