பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சு செய்யச் சொன்ன குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வேட்டு வடிவச் சரிபார்ப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

என் ஆய்வேடு ஐந்தாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. காரணத்தை நீங்களே சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள். பொருளடக்கத்தில் 4.3.2 என்ற தலைப்புக்கு 143 என்று இருக்கிறது, உரையில் அது 144ஆம் பக்கத்தில் வருகிறது, திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். நீங்கள் சொல்வது சரிதான். பிழை இருக்கிறது. அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். என் ஆய்வேட்டை லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதியிருக்கிறேன். உங்கள் விதிகள் எல்லாம் உள்ளே எழுதப்பட்ட ஒரு லாடெக் வார்ப்புருக் கோப்பை வெளியிடுங்கள். அதிலிருந்து தானாக உருவாகும் பொருளடக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் முறை திரும்பி வந்தபோது தவறு என்னுடையது. துணைநூற் பட்டியல் பொருளடக்கத்தில் இல்லை என்றீர்கள். லாடெக்கில் எண் இல்லாத தலைப்புகள் தாமாகப் பொருளடக்கத்தில் ஏறாது, நாம்தான் ஒரு வரி எழுதி ஏற்ற வேண்டும். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். திருத்தினேன், நன்றியும் சொன்னேன்.

இரண்டாம் முறை, இயல் தலைப்புகளுக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே புள்ளி வரிசை வேண்டும் என்றீர்கள். உட்தலைப்புகளுக்குப் புள்ளி போட்டு, இயல் தலைப்பைத் தடித்த எழுத்தில் புள்ளி இல்லாமல் விடுவதுதான் லாடெக்கின் இயல்பு. எது இயல், எது உட்பிரிவு என்று கண்ணுக்குச் சட்டெனத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சரி, உங்களுக்குப் புள்ளி வேண்டும், போட்டேன். கூடவே எண்ணுக்கு முன்னால் 'இயல்' என்ற சொல்லும் வர வேண்டும் என்றீர்கள். இது அவ்வளவு சுலபமாக இல்லை. பொருளடக்கத்தில் இயல் எண்ணுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் ஒன்றரை எம் அகலம்தான் (ஓர் எம் என்பது எழுத்தின் அளவுக்குச் சமமான அகலம்). '1' என்ற எண்ணுக்கு அது தாராளம். 'இயல் 1' என்று எழுதினால் சொல் போய்த் தலைப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதைச் சரிசெய்ய இரண்டு இரவுகள் ஆயின. என் ஆய்வுக்கும் அந்த இரவுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மூன்றாம் முறை நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூலக் கோப்பை அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பினேன். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதை லாடெக்கில் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். 'பொருளடக்கம்' என்ற தலைப்பு மட்டும் வந்தது, கீழே வெற்றுத்தாள். 'பொருளடக்கம் இணைக்கப்படவில்லை' என்று குறிப்பெழுதித் திருப்பிவிட்டீர்கள்.

லாடெக் அப்படித்தான். முதல் ஓட்டத்தில் அதற்குப் பக்க எண்கள் தெரியாது. ஒரு தலைப்பு எந்தப் பக்கத்தில் விழும் என்பது அந்தப் பக்கம் முழுதாக அடுக்கி முடிந்த பிறகுதான் தெரியும். பொருளடக்கமோ நூலின் முன்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே முதல் ஓட்டத்தில் ஒவ்வொரு தலைப்பையும் அதன் பக்க எண்ணையும் தனியாக ஒரு துணைக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்தில் அந்தக் குறிப்பைப் படித்துப் பொருளடக்கத்தை நிரப்பும். நிரம்பிய பொருளடக்கம் ஒரு பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம் பிடித்து, பக்க எண்ணும் முதல் தாளிலிருந்தே தொடர்ச்சியாக ஓடினால், பின்னால் இருப்பதெல்லாம் தள்ளிப்போகும். அப்போது மூன்றாவது ஓட்டமும் தேவைப்படும். முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் முதல் இயலிலிருந்து புதிதாக 1, 2 என்றும் போட்டால் இந்தத் தள்ளுமுள்ளு பெரும்பாலும் இருக்காது. உங்கள் விதியும் அதைத்தான் சொல்கிறது. அந்த ஒரு விதிக்காக உங்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, 'தயவுசெய்து இரண்டு முறை ஓட்டவும்' என்று அடிக்கோடிட்டு அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் நான்காவது திருப்பல். பொருளடக்கத்தை மட்டும் வேர்டில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, ஆய்வேட்டின் முன்னால் இணைத்து அனுப்பவும் என்றீர்கள்.

வேர்டிலும் பொருளடக்கம் தானாக வரும். தலைப்புகளுக்கு உரிய பாணியைக் கொடுத்திருந்தால் அதுவே திரட்டிக்கொள்ளும். ஆனால் அதையும் நீங்கள் அனுமதிப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சொடுக்கினால் சாம்பல் நிறத்தில் தெரிகிறது, அச்சிலும் அப்படியே வந்துவிடும் என்று ஒரு தோழிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சாம்பல் நிறம் திரைக்கு மட்டும்தான், இது தானாகத் திரட்டிய பகுதி என்று காட்டுவதற்காக. அச்சில் வராது. ஒரு தாளை அச்சடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, கையால் தட்டச்சு செய்தேன். ஏழு இயல்கள், 112 தலைப்புகள். ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணைப் போட்டு, புள்ளி வரிசையை இழுத்து, பக்க எண்ணை வலது ஓரத்தில் நிறுத்தினேன். முடித்த பிறகு ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க, இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்பிட்டோம். ஒரு பிழையும் இல்லை.

மறுநாள் என் நெறியாளர் நான்காம் இயலைப் படித்துவிட்டு, ஓர் அட்டவணையைச் சேர்க்கச் சொன்னார். நியாயமான யோசனை. இத்தனை சுற்றில் ஆய்வின் உள்ளடக்கத்தைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரே யோசனையும் அதுதான். அரைப் பக்க அட்டவணை. சேர்த்தேன்.

அரைப் பக்கம் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான்காம் இயலின் கடைசிப் பக்கத்தில் ஆறு வரிக்குத்தான் இடமிருந்தது. அதனால் இயல் ஒரு பக்கம் நீண்டது, ஐந்தாம் இயல் முதல் கடைசிவரை எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போனது. அது எளிது, எல்லா எண்ணிலும் ஒன்றைக் கூட்டினால் போதும். வம்பு நான்காம் இயலுக்குள் இருந்தது. பக்கத்தின் மேற்பாதியில் இருந்த தலைப்புகள் கீழ்ப்பாதிக்கு இறங்கின, ஆனால் அதே பக்கத்தில் நின்றன. அவற்றின் எண் மாறவில்லை. கீழ்ப்பாதியில் இருந்தவை அடுத்த பக்கத்துக்குப் போயின. அவற்றின் எண் மாறியது. எது நின்றது, எது நகர்ந்தது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு தலைப்பையும் உரையில் தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்தேன். அறுபதுக்கும் மேற்பட்ட எண்களை மாற்றினேன். 4.3.2 பழைய அச்சில் 143ஆம் பக்கத்தின் நடுவில் இருந்தது. புதியதில் 144இன் தலையில் இருக்கிறது. நடுவில் இருந்ததால் அங்கேயே நின்றிருக்கும் என்று கண் நம்பிவிட்டது. இரவு இரண்டு மணிக்குக் கண் எதையும் நம்பும்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். நான் கையால் தட்டச்சு செய்த அந்தப் பொருளடக்கத்தை அனுப்பிய அதே இரவு, லாடெக் உருவாக்கிய பொருளடக்கமும் என் கணினியில் இருந்தது. அட்டவணையைச் சேர்த்த பிறகு ஓட்டியது. நீங்கள் ஏற்க மறுத்தது. உங்கள் சிவப்பு மைக் குறிப்பு வந்ததும் அதைத் திறந்து பார்த்தேன். 4.3.2, பக்கம் 144 என்று இருந்தது.

ஆக, இயந்திரம் சரியாகப் போட்ட எண்ணை எடுத்துவிட்டு மனிதக் கையால் போடச் சொன்னீர்கள். கை தவறியதும், கை தவறியது என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இதில் நான் எங்கே பிழை செய்தேன் என்று பல முறை யோசித்துவிட்டேன். கீழ்ப்படிந்ததைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

கோபத்தில், உங்கள் வடிவக் கையேட்டையே கொஞ்சம் கவனமாகப் படித்தேன். மன்னிக்க வேண்டும், வேலையற்ற வேலைதான். பொருளடக்கத்துக்கான விதிகள் பக்கம் 31இல் இருப்பதாகக் கையேட்டின் பொருளடக்கம் சொல்கிறது. 31ஐத் திறந்தால் அங்கே மேலட்டையின் நிறம் பற்றி இருக்கிறது. பொருளடக்க விதிகள் 33இல் இருக்கின்றன. கையேட்டை யார் திருப்பி அனுப்புவார்கள்? இன்னொரு விதி, இயல் தலைப்புகள் முழுவதும் பேரெழுத்தில், அதாவது ஆங்கிலத்தின் கேப்பிட்டல் எழுத்தில், இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் எழுதப்படும் ஆய்வேட்டுக்கும் இதே விதிதானாம். தமிழில் பேரெழுத்து எங்கே இருக்கிறது என்று குழு ஒரு சுற்றறிக்கை விட்டால், மொழியியல் துறையினர் பெரிதும் கடமைப்பட்டவர்களாக இருப்பார்கள். இன்னும் நிறைய இருக்கிறது. பக்க ஓரத்தை அளவுகோல் வைத்து அளக்கிறீர்கள், பிறகு கட்டு கட்டுபவர் அதில் பாதியைத் தைத்து உள்ளே விழுங்கிவிடுகிறார். ஐந்து வருட உழைப்பில் ஐந்து சுற்றுகளாக நீங்கள் பார்த்ததெல்லாம் முன்பக்கங்கள் மட்டும். ஏழாம் இயலை யாராவது தவறுதலாகவாவது திறந்தீர்களா?

இது அதிகம் என்று எனக்கே தெரிகிறது. குழுவில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் வேலையாகச் செய்கிறீர்கள், அதற்கென்று தனியாக ஆள் இல்லை என்பதும் தெரியும். விதிகள் உங்களுக்கு முன்பே, தட்டச்சுப் பொறிக் காலத்தில் எழுதப்பட்டவை. அன்று பக்க எண்ணைக் கையால்தான் போட்டாக வேண்டும், ஒவ்வொன்றையும் யாராவது சரிபார்த்தாகவும் வேண்டும். அந்த விதி அன்றைக்குச் சரி. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1977இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை வடிவமைக்கத் தொடங்கியதற்குக் காரணமே, தன் நூலின் அச்சுப் படிகள் மோசமாக வந்ததில் ஏற்பட்ட மனக்குறைதான். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டிய லாடெக்கில், பொருளடக்கம் வேண்டும் என்றால் ஒரே ஒரு கட்டளை போதும். நாற்பது ஆண்டுகளாகப் பொருளடக்கம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கருவியை, புதிதாக முளைத்த ஏதோ குறுக்குவழி போல நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன், இந்த முறை அமைதியாக. ஒரு வார்ப்புருக் கோப்பு. முன்பக்கங்களுக்கு ரோமன் எண், இயல் வரிக்குப் புள்ளி, எண்ணுக்கு முன் 'இயல்' என்ற சொல், அதற்குப் போதுமான அகலம், மூன்றாம் நிலைத் தலைப்பு வரை பட்டியல், துணைநூற் பட்டியலும் பின்னிணைப்பும் தாமாக உள்ளே ஏறுவது. உங்கள் விதிகள் எனக்குப் பிடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பேரெழுத்தைத் தவிர மற்ற எதையும் லாடெக்கிடம் சொல்லிவிடலாம். ஒரு முறை நீங்கள் சரிபார்த்து வெளியிட்டுவிட்டால், பிறகு வரும் ஆய்வேடுகளில் இந்தப் பக்கங்களைத் திறக்கவே வேண்டாம். உங்களுக்கும் அத்தனை மணி நேரம் மிச்சம்.

கேட்பதோடு நிறுத்தவில்லை. அந்தக் கோப்பை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பொருளடக்கத்துக்கான பகுதி நாற்பது வரிகூட இல்லை. என் பெயர் அதில் எங்கும் இல்லை, வேண்டியதில்லை. குழுவே உருவாக்கியது என்று போட்டுக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த ஏதாவது ஒரு பழைய ஆய்வேட்டின் தலைப்புகளை அதில் இட்டுப் பாருங்கள். குறை இருந்தால் எழுதுங்கள், திருத்தித் தருகிறேன். அதில் முடிவெடுக்கும் வரையாவது, என் ஆய்வேட்டில் லாடெக் போட்ட பொருளடக்கத்தை அனுமதிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ் எழுத்து சரியாக வர வேண்டுமென்றால் லாடெக்கின் ஒரு வடிவமான ஸீலாடெக்கில் (XeLaTeX) ஓட்டுங்கள். அப்புறம், இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை காலியாகத்தான் வரும். தயவுசெய்து அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

பணிவுடன்,
4.3.2ஐ எழுதியவர்